முகங்கொண்ட கலமும் முகமில்லாக் கும்பமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், கடலுக்கும் காட்டுக்கும் இடையே குளமும் வயலுமாகக் கிடப்பது திரியாய் என்னும் பழம்பதி. ஈழத்தின் ஏனைய சைவ ஊர்களிற் போலவே இவ்வூரிலும் நன்மைக் கருமம் எதுவும் கும்பம் வையாது தொடங்கப்படுவதில்லை. தலைவாழையிலையிற் பரப்பிய நெல்லின்மேல் நீர் நிறைந்த குடம், அதன் வாயிலே மாவிலை, மாவிலைமேல் தேங்காய், இவ்வளவே கும்பம். கோயிற் கிரியைகளில் இதன் பொருள் இன்னும் விரியும். குடத்தின் மண் தசையென்றும், அதனைச் சுற்றிய நூல் நாடிநரம்பென்றும், உள்ளே நிறைந்த நீர் குருதியென்றும், உடுத்திய வத்திரம் தோலென்றும், மாவிலை சடையென்றும், தேங்காய் தலையென்றும் சிவாசாரியர் விளக்குவர். ஆக, கும்பம் என்பது ஓர் உடம்பு. ஆயினும் அந்த உடம்புக்குக் கண்ணில்லை, மூக்கில்லை, வாயென்பதும் குடத்தின் வாயே. தலையென வைத்த தேங்காயிலும் எவரும் முகம் எழுதுவதில்லை.

உலகின் மறுபுறத்திலே, தென்னமெரிக்காவின் மேலைக் கரையிலுள்ள பெரு நாட்டில், ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த குயவர்கள் இதற்கு நேர்மாறான வழியிற் சென்றனர். அவர்கள் வனைந்த நீர்க்கலம் ஒரு மனிதனுடைய தலையாகவே இருந்தது. கன்னத்துத் தசையும், இமையின் மடிப்பும், உதட்டோரத்து வடுவும் பிழையாது அமைந்த தலை. கலத்தைக் கண்டோர் இன்னான் என்று பெயர் சொல்லி அழைக்கத்தக்க அளவுக்கு அவை உயிருள்ளவை. மண்ணும் நீரும் நெருப்புமே இரு சாராருக்கும் முதல். ஒரு சாரார் கலத்துக்கு முகங் கொடுத்தனர். மற்றொரு சாரார் கலத்தையே உடம்பென்று கொண்டும் முகத்தைக் கொடாது விட்டனர். இவ்வேறுபாடு ஏன் நேர்ந்தது என்பது வரலாறு பயில்வோர் ஆராயத்தக்கதொரு வினா.

பெருவின் வடகரையில் கி.பி. 100 முதல் 800 வரை சிறந்து விளங்கிய அம்மக்களை மோச்சே என்று அழைப்பது வழக்கம். அவர்தம் நாடு மழை பொழியாத பாலை. அந்தெசு மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளைக் கால்வாய்களிற் பிரித்து, பாலையைக் கழனியாக்கி, வெயிலிற் காய்ந்த செங்கற்களால் மலைபோன்ற கோயில்களை அவர்கள் எழுப்பினர். எழுத்து அவர்களிடம் இல்லை. ஆதலால் அவர்கள் கண்டதும் அஞ்சியதும் வழிபட்டதும் எல்லாம் மட்கலங்களிலேயே பதிந்து கிடக்கின்றன. குயவனது சக்கரத்தையும் அவர்கள் அறியார். சுட்ட மண்ணாலான இரு பாதி அச்சுக்களில் ஈரமண்ணை அழுத்தி, இரு பாதிகளையும் ஒட்டி, மேலே குதிரைச் சேணத்தின் அங்கவடி போல வளைந்த குழாயொன்றைப் பொருத்தி அதன் நடுவிலே வாய் வைப்பர். அவ்வளைந்த குழாயின் வடிவம் காலந்தோறும் சிறிது சிறிதாக மாறி வந்தமையை நோக்கி, அக்கலங்களை ஐந்து பருவங்களாக 1948இல் வகுத்தவர் இரபாயேல் லார்க்கோ ஓயில் என்னும் பெரு நாட்டறிஞர். அவர் 1926இல் நிறுவிய அரும்பொருட்சாலை இன்று அந்நாட்டுத் தலைநகராகிய லீமாவில் உள்ளது.

தலைவடிவக் கலங்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர் கிறித்தோபர் தொனன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 900க்கு மேற்பட்ட கலங்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி 2004இல் அவர் வெளியிட்ட நூல் வியக்கத்தக்க செய்தியொன்றைத் தருகிறது. பலவிடங்களிற் கிடைத்த கலங்களில் ஒரே மனிதனின் முகம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. மேலுதட்டில் வெட்டுத் தழும்புடைய ஒருவனை நாற்பதுக்கு மேற்பட்ட கலங்களில் அவர் இனங்கண்டார். பத்து வயதுச் சிறுவனாகவும், மீசை அரும்பாத இளைஞனாகவும், முப்பது கடந்த ஆடவனாகவும் அவன் வளர்ந்து வருவதைக் கலங்களை வரிசைப்படுத்தி வைத்தாற் காணலாம். அவன் பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால் அவன் முகத்தை அவனுடைய தாய் அறிந்தவாறே இன்று அரும்பொருட்சாலைக்குச் செல்லும் எவனும் அறிவான். பெருநிலத்தை ஆண்ட மன்னர் பலருக்கும் வாய்க்காத பேறு இது. எனினும் இது பேறு மட்டுமன்று. மோச்சே மக்களிடையே போரிற் சிறைப்பட்டோரை ஆடை களைந்து, கழுத்திற் கயிறிட்டு நடத்திச் சென்று பலியிடும் வழக்கம் இருந்தது. கோலமும் அணிகலனும் பூண்டு தலைவடிவக் கலத்திற் பெருமையோடு நோக்கும் முகங்களுட் சில, வேறு கலங்களில் அவ்வாறு கயிறிடப்பட்ட கைதியின் முகங்களாகவும் அமைந்துள்ளன என்று தொனன் எழுதுகிறார்.

அக்குயவர்கள் முகத்தோடு நின்றாரல்லர். ஆந்தை, நண்டு, மான், கடற்சிங்கம், நோயுற்றோன், தாயும் சேயும் எனக் கண்ணிற் பட்டவை யாவும் கலமாயின. காய்கறிகளும் அப்படியே. சோளப்பொத்தியும், கச்சான் நெற்றும், மரவள்ளிக் கிழங்கும், பூசணியும், மிளகாயும் கலங்களாக வனையப்பட்டன. இன்று திரியாய்ப் பக்கத்துச் சேனைகளிலும் தோட்டங்களிலும் விளைந்து, பண்டுதொட்டு இம்மண்ணிற் பிறந்தவை போலத் தோன்றும் கச்சானும் சோளனும் மிளகாயும் மரவள்ளியும் 1492இற்கு முன்னர் ஈழத்தவர் எவரும் கண்டிராத பொருள்கள். மோச்சேக் குயவன் கச்சானைக் களிமண்ணில் வடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஈழத்துச் சமையற்காரனுக்கு உறைப்பென்றால் மிளகே.

இக்கலங்கள் யாவற்றையும் 'கொலம்பசுக்கு முற்பட்டவை' என்று பொதுப்படக் கூறுவது மேனாட்டார் வழக்கு. வந்தேறியவன் பெயரால் அங்கேயிருந்தோரின் பல்லாயிரம் ஆண்டுகளை அளப்பது நேர்மையானதன்று. எனினும் சொல் நிலைத்துவிட்டது. மெக்சிக்கோவின் மேலைப் பகுதியிற் கிணறுபோல் ஆழ்ந்த கல்லறைகளிலே வைக்கப்பட்ட கொலீமா நாய்களும் இச்சொல்லுள் அடங்கும். கொழுத்த உடலும் குட்டைக் கால்களுமாக நிற்கும் இம்மண் நாய்களிற் பலவற்றின் உடலிலே நீர் வார்க்கும் மூக்கு உண்டு, அவை கலங்களே. இறந்தோனை மறுவுலகத்துக்கு நாய் வழிநடத்தும் என்னும் நம்பிக்கை பிற்கால அசுத்தெக்கு மக்களிடையே இருந்தமையால், இவையும் அப்பொருட்டு வைக்கப்பட்டவை எனக் கருதுவர்.

இனித் தமிழர் வாழும் நிலத்துக்குத் திரும்புவோம். திரியாய்க் குன்றின்மேல் உள்ள வட்டவடிவத் தூபியும், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் வடமொழியிற் பொறித்த பாறைச் சாசனமும் யாவரும் அறிந்தவை. அங்குள்ள சேதியத்தைத் திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகக் கூட்டத்தார் எழுப்பினர் என்று அச்சாசனம் கூறுவதால், கடல்வழி வந்த வணிகரின் கால் பட்ட கரை இது என்பது தெளிவு. ஆனால் அச்சாசனம் கி.பி. 8ஆம் நூற்றாண்டை அண்டியது. கல்லில் எழுதுமுன்னரே மண்ணை வனைந்தோர் இக்கீழைக் கரையில் இருந்தனர். வெருகலாற்றுக்குத் தெற்கேயுள்ள கதிரவெளியிற் பெருங்கற்கால மக்களின் கல்லறைகள் உண்டு. தீவின் மறுகரையிலே, புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் தாழிக்காடு ஒன்று கண்டறியப்பட்டு, 1956-57இலும் 1970இலும் அகழப்பட்டது. அங்கே ஒரு தாழிக்குள்ளேயே ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடந்தன. அத்தாழிகளைக் கண்ட அறிஞர்கள் உடனே நினைத்தது தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரையே.

ஆதிச்சநல்லூர் திருநெல்வேலிக்குக் கிழக்கே ஏறத்தாழ 24 கிலோமீற்றரில், ஆற்றின் தென்கரையில் 100 ஏக்கருக்கு மேற் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். 1876இல் செருமானியராகிய யாகோர் அங்கே அகழ்ந்து, எடுத்தவற்றைப் பேர்லின் நகருக்குக் கொண்டுசென்றார். பின்னர் அலெக்சாந்தர் ரீ என்பவர் 1899 முதற் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்து, பொன்னாலான நெற்றிப்பட்டங்களையும், இரும்புக் கருவிகளையும், வெண்கலத்தாற் செய்த எருமை, சேவல் முதலிய உருவங்களையும் வெளிக்கொணர்ந்தார். ஒரு நூற்றாண்டு கழிந்து, 2004இல் இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையினர் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது, சிறியதோர் இடத்திலேயே 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஒரு தாழியின் வாயில் இன்னொரு தாழியைக் கவிழ்த்து மூடியவையும் அவற்றுள் இருந்தன. அவ்வகழ்விற் கிடைத்த பொருள்களுட் சிலவற்றின் காலம் கரிமக் கணிப்பாற் கி.மு. 905, கி.மு. 696 என 2019இல் வெளியாயிற்று.

அத்தாழிகளுள் ஒன்றின் உட்புறத்திலே, மண்ணை உருட்டி ஒட்டிய உருவங்கள் காணப்பட்டன. நெடிய ஒல்லியான ஒரு பெண் நிற்கிறாள். அவளருகே நெற்பயிர், அதன்மேல் ஒரு கொக்கு. ஒரு மான். பல்லியெனச் சிறுத்த ஒரு முதலை. அவ்வளவே. நூற்றுக்கணக்கான தாழிகளுக்கிடையே இத்தகைய ஒன்றே கிடைத்ததென்பது கருதத்தக்கது. குயவனுக்குக் கை வராமையாலன்று. வெண்கலத்தில் எருமையையும் சேவலையும் அத்துணை அழகாக வார்த்த மக்களின் குயவன் மண்ணில் ஒரு முகம் செய்ய அறியாதவனாக இருந்திருக்க இயலாது. கை இருந்தது, கருத்து வேறாக இருந்தது.

அப்பெண் யார்? தாய்த்தெய்வம் என்பார் உளர். இறந்தாளின் உருவம் என்று கொள்ள இடமில்லை. ஒருத்தியை மற்றொருத்தியினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் அவ்வுருவில் இல்லை. நெல்லும் கொக்கும் முதலையும் ஆற்றுவெளிக்குரியவை. மான் அதற்கப்பாலுள்ள காட்டுக்குரியது. ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் தம்மவருள் ஒருவரை மண்ணுள் அனுப்பும்போது, அவர் விட்டுச் சென்ற நிலத்தையே தாழிக்குள் உடன் வைத்தனர் என்று கொள்வது மிகையாகாது. உருவங்கள் தாழியின் உட்புறத்தில் இருந்தன என்பதை மறத்தலாகாது. புதைத்தபின் வெளியே நிற்போர் அவற்றைக் காணமாட்டார். அவை உள்ளே இருந்தவருக்காகச் செய்யப்பட்டவை. மோச்சேயின் தலைக்கலமோ பிறர் காண்பதற்காகவே, கைக்குக் கை மாறுவதற்காகவே செய்யப்பட்டது. கல்லறைக்குச் சென்றது பின்னர்.

இவ்விடத்திலேதான் வேறுபாட்டின் வேர் புலப்படுகிறது. சிலர் இதனைக் கருவியின் விளைவென்பர். சக்கரத்திற் சுழலும் மண் உருண்டைக்கே இசையும். அச்சிற் பதியும் மண்ணோ எவ்வடிவுக்கும் இசையும். ஆதலாற் சக்கரமில்லாப் பெருவில் முகம் வந்தது, சக்கரமுள்ள தமிழகத்தில் வரவில்லை என்பது அவர் கூற்று. கேட்பதற்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் ஆளுயரத் தாழிகள் சக்கரத்தில் வனைந்தவையல்ல. மண்ணைத் திரித்து வளையமாக அடுக்கி, உள்ளே கல்லும் வெளியே பலகையும் பிடித்துத் தட்டி எழுப்பியவை. கையால் எழுப்பிய அச்சுவரிற் கண்ணும் மூக்கும் வைப்பதைத் தடுப்பது எது? மேலும், கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்திற் கிடைத்துச் சென்னை அரும்பொருட்சாலையிலுள்ள ஈமப்பேழை ஆட்டின் வடிவில், தலையும் கொம்பும் கால்களுமாக அமைந்துள்ளது. பல்லாவரத்திற் கிடைத்த பேழைக்கு வரிசை வரிசையாகக் கால்கள் உண்டு. விலங்காக வனையத் தெரிந்தவனுக்கு மனிதனாக வனையத் தெரியாதா?

காரணம் கலத்தின் தொழிலில் உள்ளது. மோச்சேக் கலம் ஒருவனைக் குறிப்பது. அவன் வேறு, கலம் வேறு. ஆதலால் அவனை ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் கலத்துக்கு உண்டு. தாழியோ ஒருவனைக் கொண்டிருப்பது. அவனே உள்ளே இருக்கையில் அவன் முகத்தைப் புறத்தே எழுதுவது எதற்கு? புறநானூற்றின் 256ஆம் பாட்டிலே, கணவனை இழந்த ஒரு பெண் குயவனை விளித்துத் தனக்கும் இடங்கொள்ளுமாறு தாழியை அகலமாக வனையும்படி இரக்கிறாள். கணவனின் சாயலைத் தாழியில் எழுதுமாறு அவள் கேட்டாளில்லை, இடமே கேட்டாள். அதே நூலின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் கிள்ளிவளவனின் பெருமையைச் சொல்ல எடுத்துக்கொண்டதும் தாழியின் அளவையேயன்றி அதன் அழகையன்று. சோழன் புகழுக்கு ஏற்ற தாழியை வனையக் குயவனால் ஆகுமோ என்பதே புலவரின் இரக்கம். கலத்தைத் தமிழர் கொள்ளளவால் நினைத்தனர், தோற்றத்தாலன்று.

தாழியுள் உடல் குந்தியிருக்கும் நிலையில், கருப்பையிற் குழவி கிடப்பதுபோல வைக்கப்பட்டமை பலவிடங்களில் அறியப்பட்டது. தாழி வயிறென்று கொண்டதன் குறி இதுவெனப் பல அறிஞர் கருதுவர். பேச்சு வழக்கும் இதற்குத் துணைநிற்கிறது. குடத்துக்கு வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்னும் பெயர்களைத் தமிழ்க் குயவன் இன்றும் ஆள்கிறான். உடம்பின் உறுப்பெல்லாம் குடத்துக்கு உண்டு. கண் மட்டும் இல்லை. கண்ணை வைக்கும் உரிமை வேறொரு நாளுக்கு, வேறொரு கிரியைக்கு உரியது.

அந்த உரிமையைத் தமிழ்க் குயவன் அறவே துறந்தானல்லன். தமிழகத்தில் ஐயனார் கோயில்களுக்கு மண்குதிரை செய்து கொடுக்கும் வேளார் குயவரே. பல ஊர்களிற் பூசகரும் அவரே. அக்குதிரையின் காலும் உடலும் பானைபோல உள்ளீடற்ற குழாயாக எழுப்பப்பட்டு ஒன்றோடொன்று பொருத்தப்படுபவை. தலையும் பிடரியும் கையாற் செய்யப்படுபவை. எல்லாம் முடிந்த பின்னரே, உரிய நாளிற் கண் திறக்கப்படும். கண் திறக்குமுன் அது மண். திறந்தபின் தெய்வத்தின் ஊர்தி. ஈழத்திலும் தப்போவ, மறதன்மடுவ முதலிய இடங்களில் மனிதரும் விலங்குகளுமாகச் சுடுமண் உருவங்கள் குவியலாகக் கிடைத்துள்ளன. வீட்டுப் பொம்மைகளல்ல அவை. நேர்த்திக்காகவோ வழிபாட்டுக்காகவோ செய்து, கருமம் முடிந்தபின் ஒருங்கே இடப்பட்டவை என்பது ஆய்வாளர் துணிபு. முகம் செய்யப்பட்டது, ஆயின் வைத்துப் போற்றப்படவில்லை.

கும்பத்திலும் முகம் வந்து சேரும் இடங்கள் சில உண்டு. மட்டக்களப்புப் பகுதியிற் கண்ணகியம்மன் சடங்கு நாட்களில் அம்மன் முகக்களையைக் கும்பத்தோடு சேர்த்து வைப்பர். வரலட்சுமி நோன்பில் வெள்ளி முகத்தைக் கலசத்திற் பதிப்பர். அவ்விரண்டிலும் முகம் கலத்தோடு பிறந்ததன்று. தெய்வம் வரும்போது வருகிறது, போகும்போது எடுக்கப்படுகிறது. திருகோணமலையில் நவராத்திரிக் காலத்தே தெருத்தெருவாகக் கும்பம் ஏந்தி ஆடும் விழாவிலோ முகமே இல்லை. அங்கே முகம் ஏந்துவோனுடையது. அவன் ஆட, கும்பமும் ஆடுகிறது.

ஈழத்துச் சிற்பிகளும் இதே தடுமாற்றத்தைக் கல்லிற் கண்டவர்கள்போலும். பௌத்த கட்டடங்களின் வாயிற்படிக்கு இருமருங்கும் நிற்கும் காவற்கற்களிற் பழையவை வெறுங் கற்கள். பின்னர் அவற்றில் நிறைகுடம் ஒன்று மட்டும் செதுக்கப்பட்டது. காலம் செல்ல, குறளுருவமும் ஈற்றில் நாகராசனும் தோன்றினர். அனுராதபுரத்திலும் பொலநறுவையிலும் பல தலைப் படம் விரித்து நிற்கும் அந்நாகராசனின் கையில் அதே நிறைகுடம் இருக்கிறது. குடமே தனித்து நின்ற கல்லில் மனிதன் வந்து சேர்ந்தான். வந்தும் குடத்துக்கு முகமாகவில்லை, குடத்தைத் தாங்குவோனாக ஒதுங்கி நின்றான்.

இரு நாட்டு வடிவங்களையும் ஒப்பிடுங்கால் ஒரு மயக்கத்துக்கு இடங்கொடாதிருத்தல் வேண்டும். ஆதிச்சநல்லூர்த் தாழியும் அமெரிக்க ஈமக்கலமும் ஒத்திருப்பதைக் கொண்டு, தமிழர் கப்பலேறி அங்கே சென்றனர் என்று எழுதுவோர் இடையிடையே தோன்றுகின்றனர். சக்கரத்தை அறிந்த மக்கள் கடல் கடந்து சென்று, கலத்தைக் கற்பித்துச் சக்கரத்தை மட்டும் மறைத்துவிட்டுத் திரும்பினர் என்று எவர் நம்புவார்? இரும்பை ஆதிச்சநல்லூரார் அறிந்திருந்தனர். மோச்சே மக்கள் பொன்னையும் வெள்ளியையும் செம்பையும் வியத்தகு திறத்தோடு ஆண்டும் இரும்பை அறிந்திலர். இறந்தோரைப் பேணும் எண்ணமும் கையருகே களிமண்ணும் இருக்குமிடத்தில் ஈமக்கலம் தானே பிறக்கும். உறவு காட்டிப் பெருமை தேடுவோர், ஒவ்வொரு சாராரும் தாமே தேடிக் கண்டதன் அருமையை இழக்கின்றனர்.

இழப்பு வேறு வகையிலும் நேர்ந்துள்ளது. மோச்சேயின் தலைக்கலங்களிற் பெரும்பாலானவை கல்லறைக் கள்வரால் தோண்டி விற்கப்பட்டவை. எக்கல்லறையில், எவர் அருகில், எத்தனை கலங்களோடு அவை இருந்தன என்பது என்றென்றும் அறியவொண்ணாததாயிற்று. 1987இற் சிப்பான் என்னுமிடத்தில் கள்வர் கைவைத்த பின்னரே செய்தியறிந்து விரைந்த வால்ட்டர் ஆல்வா, எஞ்சிய கல்லறையைக் காத்து முறையாக அகழ்ந்தமையால், பொன்னணிந்த தலைவன் ஒருவன் தன் ஏவலரோடு கிடந்தபடியே உலகுக்குத் தெரியவந்தான். உதட்டிலே தழும்புடையவனுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. அவனுடைய நாற்பது முகங்களும் இருக்கின்றன; அவன் கிடந்த இடம் இல்லை.

பொம்பரிப்புத் தாழியிற் கிடந்தோருக்கு முகம் எதுவும் எஞ்சவில்லை. ஆனால் ஒரே தாழியில் எத்தனை பேர் இருந்தனர், எவ்வெலும்பு எதன்மேற் கிடந்தது, அருகே எச்சிறு கலம் வைக்கப்பட்டது என்பன அகழ்ந்தோரின் குறிப்பிற் பதிந்துள்ளன. கீழைக் கரையின் பழம்பதிகளில் அத்தகைய அகழ்வு இன்னும் மிகச் சிறிதே நடந்திருக்கிறது. கிணறு வெட்டும்போதும் வயல் திருத்தும்போதும் மண்வெட்டியில் அகப்படும் கருஞ்செவ்வோடுகள் வரம்பிலே எறியப்பட்டு, அடுத்த மழையிற் சேற்றோடு சேறாகின்றன.